வயதுக்குரிய வகுப்பு

இந்தியாவிலிருந்து மகளுடன் திரும்பி வந்த பத்தாம் நாள், அண்ணையின் மோட்டார் சைக்கிளில் மூன்று பேருமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அண்ணை ஓட்டினார். நடுவில் மகள். பின்னால் நான், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை இறுக்கிப் பிடித்தபடி. மகளின் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ், அங்கே படித்த பள்ளியின் மதிப்பெண் அட்டை, முகாம் அட்டையின் பிரதி, கிராம சேவையாளர் தந்த கடிதம் என்று எங்களிடம் இருந்த காகிதம் எல்லாம் அந்தப் பைக்குள் இருந்தது. இல்லாதது ஒன்றுதான். இலங்கையில் அவளைப் பதிந்த பத்திரம்.

அதற்கு மூன்று நாள் முன்னர் வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திரும்பியிருந்தோம். அங்கே கந்தோர் மேசையில் இருந்தவர் பையிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, இலங்கைப் பத்திரம் இல்லாமல் சேர்க்க ஏலாது என்றார். பத்திரம் வந்தாலும் மூன்றாம் வகுப்பில்தான் விட வேண்டி வரும், பிள்ளைக்குச் சிங்களம் ஒரு எழுத்தும் தெரியாதே என்றும் சொன்னார். அவர் கோபமாகப் பேசவில்லை. உள்ளதைச் சொல்கிற குரலில்தான் சொன்னார். ஆனால் 'மூன்றாம் வகுப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் நான் காகிதங்களைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டேன்.

காரணம் இருந்தது. சண்டை திரும்பத் தொடங்கிய காலத்தில் அம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்கு வள்ளமேறியபோது எனக்குப் பதினொரு வயது. அண்ணை அப்பாவோடு வன்னியிலேயே நின்றுவிட்டார். அகதி முகாமுக்குப் பக்கத்துப் பள்ளியில் என்னைச் சேர்த்தபோது என்னிடம் எந்தக் காகிதமும் இருக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நான்காம் வகுப்பில் போட்டார்கள். என் தோளுக்கும் வராத பிள்ளைகளோடு கடைசி வாங்கில் இருந்தேன். நான் மக்கு என்றுதான் வகுப்பில் எல்லாரும் நினைத்தார்கள். இரண்டு வருடம் போனதும் நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டேன். என் மகளுக்கு அது நடக்கக்கூடாது என்பதைத் தவிர, திரும்பி வரும்போது வேறு பெரிய எண்ணம் எதையும் நான் கொண்டு வரவில்லை.

அண்ணையின் வீடு இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்காலின் கரையில் இருந்தது. அங்கிருந்து, பத்தாம் நாள் நாங்கள் போன சின்னப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மைல்கூட இல்லை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் அங்கே இருந்தது. நாங்கள் போனபோது கந்தோரில் ஒருவரும் இல்லை. முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு தாய், "அதிபர் ஐஞ்சாம் வகுப்பில நிக்கிறா. ரீச்சர் மாறிப் போய் ஆறு மாசம், புது ஆள் வரேல்ல. அவாதான் படிப்பிக்கிறா," என்றார்.

மணியடித்ததும் அதிபர் வந்தார். இந்தியாவில் தலைமை ஆசிரியை என்பார்கள். ஐம்பது வயது மதிக்கலாம். மெலிந்த ஆள். சேலைத் தலைப்பைச் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார், விரலெல்லாம் வெண்கட்டித் தூள். என்னையும் அண்ணையையும் பார்ப்பதற்கு முன் அவர் மகளைப் பார்த்தார்.

"காலமை சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார்.

மகள் தலையாட்டினாள்.

"என்ன சாப்பாடு?"

"இட்லி மிஸ்," என்றாள் மகள், மிக மெல்லிய குரலில்.

அதிபர் எங்களை இருக்கச் சொல்லிவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு வாசிப்புப் புத்தகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். மகள் எழுந்து நின்று, இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்து, முகாம் பள்ளியில் பழக்கியபடி உரத்து, ஒரு சொல்லும் தடக்காமல் ஒரு பக்கம் முழுவதும் வாசித்தாள். பிறகு கணக்கில் நாலைந்து கேள்வி. அதில் ஒன்றுக்கு மட்டும் பிழையான விடை சொன்னாள்.

அதிபர் பையை வாங்கிப் பார்த்தார். நான் காத்திருக்க முடியாமல், "மூண்டாம் வகுப்பிலயோ விடுவீங்கள் ரீச்சர்?" என்று கேட்டேன்.

"ஏன் மூண்டில? பிள்ளைக்குப் பத்து வயசு. பத்து வயசுப் பிள்ளையள் ஐஞ்சில இருக்கினம்."

"சிங்களம் தெரியாது."

"அது படிக்கிறதுக்குத்தானே பள்ளிக்கூடம்?"

"இலங்கைப் பத்திரமும் இல்லை ரீச்சர். தகப்பன் அங்க நிண்டு தூதரகத்தில எழுதிக் குடுத்திருக்கிறார். எப்ப வருமெண்டு சொல்லத் தெரியாது."

"பத்திரம் வாற நேரம் வரட்டும். அது வருமட்டும் பிள்ளை வீட்டில இருந்து என்ன செய்யிறது?"

பிள்ளைகளைச் சேர்க்கும் பதிவேட்டைத் திறந்து மகளின் பெயரை எழுதினார். பத்திர இலக்கம் எழுத வேண்டிய கட்டத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வலயக் கல்விப் பணிமனைக்குத் தன் கைப்படவே கடிதம் எழுதினார். பிள்ளையைத் தற்காலிகமாகச் சேர்த்திருக்கிறேன், காரணம் இது, பத்திரம் கிடைத்ததும் அறிவிப்பேன் என்று அதில் இருந்தது. எழுதி முடித்ததும் எனக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினார். எந்தக் கந்தோரிலும் எனக்கு ஒருவரும் ஒன்றையும் வாசித்துக் காட்டியதில்லை. கையெழுத்துப் போடு என்று விரலால் இடத்தைக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

"இதில நான் கையெழுத்து வைக்கிறன்," என்றார். "ஏன் சேர்த்தனீங்கள் எண்டு கேள்வி வந்தா என்னட்டைத்தான் வரும். உங்களிட்ட வராது. பயப்பிடாதேங்கோ."

அன்றைக்கே மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். வெள்ளைச் சீருடைகளுக்கு நடுவில் அவள் மட்டும் பச்சைப் பூப்போட்ட சட்டையில். திரும்பி வரும் வழியில் அண்ணை வாய்க்கால் மதகடியில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, முகத்தைக் கழுவிவிட்டு வந்தார்.

*

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். சரியாகவில்லை.

இரண்டாம் நாள் காலையில் வகுப்பில் பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெயர் கூப்பிட்டால் எழுந்து 'உள்ளேன் ஐயா' என்றோ 'உள்ளேன் அம்மா' என்றோ சொல்ல வேண்டும். மகள் அப்படியே எழுந்து, 'உள்ளேன் அம்மா' என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. 'படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாள்' என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். சிரித்த பிள்ளைகள் மேல் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் அந்தச் சொல்லைப் படத்துக்கு வெளியே கேட்டதே இல்லை.

அதிபர் பிள்ளைகளை ஏசவில்லை. "நல்ல தமிழ்தானே, நாளையிலிருந்து எல்லாரும் அப்பிடியே சொல்லுவம்," என்றாராம். அடுத்த நாள் மற்றப் பத்துப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக எழுந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'உள்ளேன் அம்மா' என்றார்கள். மகளின் பெயர் வந்தபோது அவள் எழுந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாயை இரண்டு கிழமைக்குத் திறக்கவேயில்லை. எழுதச் சொன்னால் எழுதினாள். கேட்டால் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்தால் மட்டும் வாய் ஓயாது.

அதிபர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மகளை வகுப்பு மாற்றப் போகிறார்கள் என்ற பயத்தோடுதான் போனேன். அவர் என்னை இருக்கச் சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"நான் ஒரு பிழை விட்டிட்டன். பிள்ளைக்குத் துணையா நிக்கிறன் எண்டு நினைச்சு, எல்லாருக்கும் நடுவில கொண்டுபோய் நிப்பாட்டிப் போட்டன். கூச்சப்படுற பிள்ளைக்கு அது செய்யக்கூடாத வேலை."

ஒரு அதிபர் தன் பிழையைத் தகப்பன் தாயிடம் இப்படிச் சொல்வார் என்று நான் கனவிலும் எண்ணியதில்லை. நான் படித்த காலம் முழுவதும் பிழை என் பக்கம்தான் இருந்தது.

"வீட்டில கதைக்கிறாவோ?" என்று கேட்டார்.

"ஓம் ரீச்சர். நிப்பாட்ட ஏலாது."

"என்னெண்டு கதைக்கிறா? இந்தியாக்காரர் மாதிரியோ?"

"இல்லை ரீச்சர். எங்கட மாதிரித்தான். முகாமுக்குள்ள எல்லாரும் எங்கட கதைதானே."

அதிபர் என்னையே பார்த்தார். "அப்ப இஞ்ச ஏன் அந்தக் கதை வருது?"

அதை வீட்டுக்குப் போனதும் மகளிடமே கேட்டேன். குசினியில் எனக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைத் திருப்பிக் கேட்டாள்:

"அம்மா, பள்ளிக்கூடத்தில வீட்டுக் கதை கதைக்கலாமோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறந்த நாளிலிருந்து அவளுக்கு இரண்டு தமிழ் இருந்தது. முகாம் படலைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. 'ஓம்' என்பதும் 'கதிரை' என்பதும் வீட்டுக்குரியவை. பள்ளிக்கூடத்தில், கடையில், ஆஸ்பத்திரியில் 'ஆமாங்க', 'நாற்காலி'. வெளியே வீட்டுக் கதையைக் கதைத்தால் அகதிப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். ரீச்சருக்கு முன்னால் வீட்டுக் கதை கதைக்கக்கூடாது என்று அவள் பாட்டுக்கு நம்பியிருந்தாள். வெளிக் கதையைக் கதைத்தாலோ இங்கே சிரிக்கிறார்கள். பிள்ளை என்ன செய்வாள்? வாயை மூடிக்கொண்டாள்.

கதைக்கலாம் என்று நான் நூறு தரம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அம்மாவுக்கு என்ன தெரியும் என்ற முகம்.

அடுத்த நாள் அதிபரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, மேசையில் இருந்த கொப்பிகளை அடுக்கி அடுக்கி வைத்தார். "சரி," என்றார். "ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதேங்கோ. பிள்ளைக்கும் சொல்லாதேங்கோ."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பார்கள். தாய்மார் முறை வைத்துச் சமைப்போம். அந்த வியாழக்கிழமை என் முறை. சோறு, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், தேங்காய்ப்பால் சொதி. பிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பைகளோடு வரிசையில் வந்தார்கள். நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அதிபர் வந்து சொதி அகப்பையை மற்றத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டார். தானே சொதி விட்டுக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏதாவது கதை கேட்டார். வீட்டில் ஆடு குட்டி போட்டுதோ, தம்பிக்குக் காய்ச்சல் விட்டுதோ என்று. தொண்டையில் இருந்த ரீச்சர்க் குரலை எங்கோ வைத்துவிட்டு, அடுப்படியில் நிற்கும் ஒரு மாமியைப் போலக் கதைத்தார்.

மகள் வந்து கோப்பையை நீட்டினாள். அதிபர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சொதிச் சட்டியையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"சொதி கொஞ்சம் உறைப்பாக் கிடக்கு. விடட்டே?"

"கொஞ்சமா விடுங்கோ," என்றாள் மகள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. திடுக்கிட்டு அதிபரை நிமிர்ந்து பார்த்தாள்.

"காணுமே?" என்றார் அதிபர், போதுமா என்று அகப்பையை நிறுத்தி, ஒன்றும் நடக்காதது போல.

"ஓம்... காணும் ரீச்சர்."

பின்னால் நின்ற பெட்டை, "கெதியாப் போவன், எனக்குப் பசிக்குது," என்று அவளை முதுகில் இடித்தாள். மகள் திரும்பி, "போறன்தானே, ஏன் இடிக்கிறாய்?" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள். நான் சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அதிபர், "சோறு போடுங்கோ, பிள்ளையள் நிக்குதுகள்," என்றார்.

*

பள்ளிக்கூடத்துக்கு மேற்பார்வைக்கு வந்த ஒரு அதிகாரியும் அதிபரும் கதைத்ததை நான் ஒரு நாள் குசினிக் கொட்டிலிலிருந்து கேட்க நேர்ந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. கந்தோருக்கும் கொட்டிலுக்கும் இடையில் அரைச்சுவர்தான்.

"இந்தியாவில இருந்து வந்த பிள்ளை இந்த வருசம் புலமைப்பரிசில் சோதினை எழுதத்தான் வேணுமோ ரீச்சர்?" என்று அதிகாரி கேட்டார். "மொத்தமே பதினொரு பிள்ளையள். ஒரு ஆள் பெயில் விட்டாலும் உங்கட பாஸ் வீதம் விழுந்திடும். பிறகு கூட்டத்தில உங்களைத்தான் கேப்பினம்."

"கேட்கட்டும் சேர். பிள்ளை எழுதட்டும்."

"அவவுக்கு நல்லதுக்குத்தான் சொல்லுறன். இஞ்சத்தைப் பாடத்திட்டமே வேற."

"எனக்கு விளங்குது சேர். ஆனா பத்துப் பிள்ளையள் உள்ள போய் எழுதேக்க அவள் ஒருத்தி மட்டும் வெளியில நிண்டா, அவள் எங்கட ஆளில்லை எண்டு நாங்களே மற்றதுகளுக்குக் காட்டின மாதிரி. பிறகு நான் வருசம் முழுக்கக் கத்தினாலும் அது மாறாது."

தேத்தண்ணிக் கோப்பை மேசையில் வைபடும் சத்தம் கேட்டது. "அப்ப பேரைப் போடுங்கோ," என்றார் அந்த அதிகாரி. அவரும் நல்ல மனிதர்தான். பின்னர் பத்திர அலுவலாக யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று விசாரித்துச் சொன்னவர் அவரே.

அந்த அலுவல் வவுனியாவில் இருந்தது. மகளின் தகப்பன் இந்தியாவிலிருந்து அனுப்பிய காகிதங்கள் வந்து சேர்ந்ததும், அவற்றை அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதிபரின் வீடும் வவுனியாவில்தான். தினமும் இருட்டோடு எழும்பி பஸ் பிடித்து வந்து, பின்னேரம் திரும்பிப் போகிறவர். திகதியைக் கேட்டுவிட்டு, "அண்டைக்கு நான் லீவு போடுறன். பஸ் நிலையத்தில நில்லுங்கோ," என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கந்தோருக்குத் தனியப் போக எனக்கு அவ்வளவு பயம்.

வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்றோம். எங்கள் முறை வந்தபோது, காகிதங்களைப் பார்த்த உத்தியோகத்தர் என் பெயரில் விரலை வைத்தார். தமிழ்நாட்டுச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும். இங்கே என் பழைய பிறப்புப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் முழுதாக. பெயரின் எழுத்திலும் ஒரு மாற்றம்.

"இது ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு என்னெண்டு நம்புறது?"

அதிபர் என் பின்னாலிருந்து முன்னுக்கு வந்தார். அங்கே தகப்பன் பேரின் முதல் எழுத்தை மட்டும் போடுவது வழக்கம் என்பதையும், இங்கே எப்படி எழுதுகிறோம் என்பதையும் ஒரு தாளில் இரண்டு பெயரையும் எழுதிக் காட்டி விளங்கப்படுத்தினார். வகுப்பில் கரும்பலகையில் எழுதுவது போல நிதானமாக.

"நீங்கள் ஆர்? சொந்தமோ?" என்று கேட்டார் உத்தியோகத்தர்.

"இல்லை. பிள்ளையின்ர அதிபர்."

அவர் எழுந்து பக்கத்து மேசையிலிருந்து ஒரு கதிரையை இழுத்து, "இருங்கோ ரீச்சர்," என்றார். அதிபர் அந்தக் கதிரையில் என்னை இருத்தினார். சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி எடுத்து வந்தால் போதும் என்றார்கள். அதையும் அன்றைக்கே எடுத்துக் கொடுத்தோம். மத்தியானம் கடந்து போய், தேத்தண்ணிக் கடையில் ஆளுக்கொரு பணிஸ் சாப்பிட்டோம். "உங்களுக்கு நான் என்னத்தைச் செய்யப் போறன் ரீச்சர்," என்றேன். "பிள்ளையை ஒரு நாளும் மறிக்காமல் அனுப்புங்கோ. இப்ப நாலு நாள் வரேல்ல," என்றார். மகளுக்குத் தடிமன் காய்ச்சல் என்று நான் மறித்து வைத்திருந்த நாட்களை அவர் எண்ணி வைத்திருந்தார்.

மகள் புலமைப்பரிசில் எழுதினாள். பரிசில் கிடைக்கிற வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் போகவில்லை, ஆனால் பாஸ் மட்டத்தைத் தாண்டிச் சித்தியடைந்தாள். பதினொரு பேரும் சித்திதான். பெறுபேறு வந்த அன்று அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முதலில் அழுதாள். பிறகு அந்த இடித்த பெட்டை வந்து கூப்பிட, விளையாடப் போய்விட்டாள். பத்திரம் அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. அதிபர் பதிவேட்டைத் திறந்து, பென்சில் கோட்டை அழித்து, இலக்கத்தை மையால் எழுதினார். மகளைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், உங்கட எழுத்துச் சரிஞ்சு கிடக்கு," என்றாள்.

அவள் இப்போது கிளிநொச்சியில் பெரிய பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். சிங்களத்தில் வகுப்பிலேயே கெட்டிக்காரி. தகப்பனும் வந்துவிட்டார், வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. அதிபருக்கு வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்தது. ரீச்சர்மார் குறைவான இன்னொரு இடம் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் கனகராயன்குளத்தில் ஒரு செத்த வீட்டுக்குப் போகப் பின்னேர பஸ்ஸில் ஏறினேன். சனம் நெருக்கம். யன்னலோரத்தில் அதிபர் இருந்தார். மடியில் பிள்ளைகளின் கொப்பிக் கட்டு, விரல்களுக்குள் மூடி போடாத சிவப்புப் பேனை, தலை யன்னல் கம்பியில் சாய்ந்து நல்ல நித்திரை. பஸ் குலுங்கும்போதெல்லாம் பேனை சேலையில் கோடு போடப் பார்த்தது. நான் கையை நீட்டி, அதை மெல்ல உருவி எடுத்து, மூடியைத் தேடிப் போட்டு, கொப்பிக் கட்டுக்குள் செருகிவிட்டேன். என் இடம் வந்ததும் இறங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் இதைச் சொன்னபோது அவளுக்குப் பொல்லாத கோபம் வந்துவிட்டது.

"எழுப்பியிருக்கலாம்தானே அம்மா!"

"பாவம், களைச்சுப் போய் நித்திரை கொண்டவா."

"எழுப்பியிருந்தா சந்தோசப்பட்டிருப்பா. உங்களுக்கு ஒண்டும் தெரியாது," என்றாள். அன்றைக்கு முழுவதும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.